நாற்பது மீட்டர்க் கோடு

மார்ச் 4, செவ்வாய். காலை 7.10. பூட்டு: மூன்று.

அம்மாவின் தையல் கொட்டகைக் கதவில் ஒன்றுக்கு மூன்றாகத் தொங்குகிறது. நேற்றுவரை கொக்கி மட்டும்தான். உள்ளே நாலு மெஷின், வெட்டி வைத்த பள்ளிச் சீருடை அறுபது. பக்கத்தில் நோட்டீஸ், பெரியப்பாவின் கையெழுத்தோடு. கொட்டகை டிரஸ்ட் நிலத்தில் நிற்கிறதாம். முப்பது நாளில் இடிப்பார்களாம்.

தாத்தா எழுதி வைத்தது எனக்கு மனப்பாடம். சாலையோர எல்லைக் கல்லிலிருந்து நாற்பது மீட்டர் டிரஸ்டுக்கு, குடும்பத்துப் பிள்ளைகள் படிக்க. அதற்குப் பின்னால் இருப்பது அப்பாவுக்கு. டிரஸ்டைப் பார்த்துக்கொள்ளப் பெரியப்பா. நல்லாப் பார்த்துக்கிறார்! வேலியே பயிரை மேயுது.

அதே நாள், மாலை.

பெரியப்பா வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை.

"வாங்க சர்வேயர் சார்."

"எங்க கொட்டகை எப்படி உங்க நிலமாச்சு?"

"என் நிலம்னு யாருடா சொன்னா? டிரஸ்ட் நிலம். நீ படிச்சதும் அதே டிரஸ்ட் பணத்துலதான். குடோனுக்கு வாடகைக்கு விட்டாத்தானே அடுத்த பிள்ளைங்க படிக்கும்?"

"அடுத்த பிள்ளைங்கன்னா உங்க பேரன் ஒருத்தன்தானே?"

சிரித்தார். "கத்தாதே. நோட்டீஸோட ஒரு பிளான் வந்திருக்கும். அளந்தது யாருன்னு போய்ப் பாரு."

மார்ச் 5

பிளானில் இருப்பது என் கையெழுத்து.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு வருஷத்துக்கு முன்னால். லைசென்ஸ் வாங்கிய புதிது. "டிரஸ்ட் ஃபைலுக்கு ஒரு பிளான் போட்டுக் குடுடா" என்றார் பெரியப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கல்லை அவரே காட்டினார். எனக்கு வெயில் படக்கூடாதென்று குடை வேறு பிடித்தார். குடை! அப்பவே யோசித்திருக்க வேண்டாமா நான்?

எங்கள் தொழிலில் முதல் பாடம்: ஒரே கல்லை நம்பாதே, இன்னொரு பழைய அடையாளத்தோடு ஒத்துப்பார். வெளியாள் வேலையில் ஒருநாளும் இதை விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். படிக்க வைத்தவர் கண்ணெதிரே அவர் காட்டிய கல்லைச் சோதிப்பதா, சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று.

இன்று தாலுகா ஆபீஸ் ஆவண அறையில் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். சாலையின் அகலம் ஆறு மீட்டர். நேரே போய் அளந்தேன். பத்து புள்ளி இரண்டு. நான் ஹாஸ்டலில் இருந்தபோது சாலையை அகலப்படுத்தி, கல்லைப் பிடுங்கி 4.2 மீட்டர் உள்ளே நட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நாற்பது போட்டால்? கோடு பின்னால் போய்க் கொட்டகையை முழுங்கிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "அண்ணன் தெரிஞ்சு பண்ணியிருக்க மாட்டார்டா."

கல்லை நடும்போது பக்கத்துல நின்னதே அவர்தான்னு ஊரே சொல்லுதேப்பா! அண்ணன், அண்ணன்னு இன்னும் எத்தனை நாளைக்கு?

மார்ச் 10

நாங்கள் பார்க்கப் போன வக்கீலம்மா என் பிளானையும் பழைய வரைபடத்தையும் வைத்து அரைமணி நேரம் பார்த்தார்.

"அளந்தது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா கேஸ் நிக்கும் தம்பி."

"என் லைசென்ஸ்?"

"அதுக்கு நான் உத்தரவாதம் இல்ல."

மார்ச் 11

ஏமாத்தினது அவர். தொழில் போகப்போறது எனக்கு. நான் ஏன் எழுதணும்? கல்லு நகர்ந்ததுன்னு மட்டும் சொன்னாப் போதாதா? — போதாது. கையெழுத்து அப்படியே நிக்குதே. சொந்தச் செலவில் சூனியம்னா இதுதான்.

மார்ச் 12, புதன்

அம்மா சமையலறையில் உட்கார்ந்து கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "அந்தக் கோட்டைப் போட்டது நான்தான்மா."

நூலைப் பல்லால் கடித்தாள். "தெரியும். பிளான்ல உன் பேர் இருந்துச்சே. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"நீயா சொல்றியான்னு பார்த்தேன். எட்டு நாள் ஆச்சு."

இதுக்கும் எனக்குக் கோபம்தான் வருது.

மார்ச் 14, வெள்ளி. மாலை 6.

வக்கீலம்மா பேசி, மெஷின்களையும் துணியையும் மட்டும் எடுத்துக்கொள்ள வழி செய்துவிட்டார். நாளை காலை ஒன்பது மணிக்குப் பூட்டைத் திறப்பார்கள். இடிக்கத் தடை கேட்டுத் திங்கட்கிழமை மனு. கேஸ் முடிய எத்தனை வருஷமோ. செய்ய வேண்டியது:

1. கோர்ட்டுக்கான கடிதத்தில் இன்றே கையெழுத்து. கல்லைக் காட்டியது பெரியப்பா, சரிபார்க்காதது நான். இரண்டு வரியும் இருக்கணும். ஒன்றைக் கூட வெட்டக் கூடாது.
2. அதன் நகலை லைசென்ஸ் அலுவலகத்துக்கு நானே அனுப்பணும். பெரியப்பா முந்திக்கொள்ளக் கூடாது.
3. கையிலுள்ள இரண்டு அளவு வேலைகளையும் வேறு ஆளிடம் ஒப்படைக்கணும். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லணும்.
4. நாளை பெரியப்பா வந்து நின்றால் வாயைத் திறக்காமல் இருக்கணும். முடியாது. முயற்சி பண்ணணும்.
5. ஹாலில் நாலு மெஷினுக்கும் இடம் பிடிக்கணும். என் வரைபட மேஜையைக் கால் கழற்றி வெளியே வைத்தால் சரியாக இருக்கும். அளந்துவிட்டேன். இரண்டு தடவை.