மாற்றிவைத்த புல்லி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் என்றால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் கல்லூரி அணியின் பந்தய வண்டியில் சூப்பர்சார்ஜரைப் பொருத்திவிட்டோம். இரண்டு முஷ்டியைச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் அது. ஒற்றை சிலிண்டர் பைக் என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிப்பது அதன் வேலை. அதன் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி சிறிதானால் காற்று கூடும். அளவு மீறினால் என்ஜின் தாங்காது. அந்த அளவைக் கணக்குப் போட்டவள் உன் தங்கை.

உன்னோடு படித்து, மேல்படிப்புக்கு இங்கேயே தங்கிவிட்ட உன் சிநேகிதருக்கு அது போதவில்லை. அணித் தலைவராயிற்றே. இன்னும் சின்னப் புல்லி போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். கையிலிருந்த ஸ்பேனரை என் தலைக்கு மேலே சுவரில் வீசினார். சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. பிறகு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவரைத்தான் எனக்குப் பேசி வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் யோசிக்கலாமே அண்ணா?

உன் வாலு

பிப்ரவரி 15

வாலுக்கு,

அவனை எனக்குத் தெரியாதா? விடுதியில் ஒரே அறை. கோபம் வந்தால் என்னையே அறைந்திருக்கிறான்; மறுநாள் அவனே சாப்பாடு வாங்கித் தருவான். மனசு தங்கம். நீயும் வாய்க்கு வாய் பேசாதே. அம்மா கல்யாண மண்டபத்துக்குச் சொல்லிவிட்டாள்.

அண்ணன்

மார்ச் 2

அண்ணா,

இடது காதில் பஞ்சோடு எழுதுகிறேன்.

நேற்று சோதனை ஓட்டம். ஓட்டியவன் சிட்டு, எடை குறைவு என்பதால் அந்தப் பெயர். நேர்பாதையில் என்ஜினின் சீழ்க்கை அலறலாக மாறியது. கை காட்டி நிறுத்தச் சொன்னேன். அதற்குள் பிஸ்டன் தண்டு ஒடிந்து, என்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொதிக்கும் எண்ணெய் புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடித்தது. சிட்டுவை இழுத்துப் போட்டோம். வலது கையுறையைக் கழற்றினால் தோலும் கூடவே வந்தது.

பட்டறையில் என்ஜினைத் திருப்பிப் பார்த்தேன். அது நான் போட்ட புல்லி இல்லை. அதைவிடச் சின்னது. யார் மாற்றியது என்று உன் சிநேகிதனிடம் கேட்டேன்.

"நான்தான். ஜெயிக்க வேணாமா?"

"சிட்டு வெந்து கிடக்கான்."

காதோடு சேர்த்து அறைந்தான். முடியைப் பிடித்து என் முகத்தை மேசையில் மோதினான், மறுபடியும் மோதினான். கைக்கு அகப்பட்டது ஒரு நீள ரெஞ்ச். அவன் முன்கையில் அடித்தேன். எலும்பு முறிந்தது கேட்டது. கீழே விழுந்தவன் மேல் மறுபடி ஓங்கினேன் அண்ணா. மிரட்டுவதற்காக இல்லை, அடிக்கத்தான் ஓங்கினேன். காவலாளி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்லூரியிலும் போலீசிலும் புகார் கொடுத்துவிட்டேன். நீ வா.

தங்கை

மார்ச் 8

தங்கைக்கு,

வந்து அவனைப் பார்த்தேன். வலது கைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். பேனா பிடிக்க முடியவில்லை என்று குழந்தை மாதிரி அழுதான். ஒரு பெண் இப்படியா அடிப்பாள்? புகாரை நீ வாபஸ் வாங்கினால், கையை முறித்ததை அவனும் பெரிதாக்காமல் விட்டுவிடுவான். இல்லையென்றால் புல்லியை மாற்றியது நீதான் என்று சொல்வானாம். நாலு பேர் சிரிக்கும்முன் சமாதானமாகப் போ. கல்யாணத்தைத் தள்ளி வைக்கத்தான் பேசியிருக்கிறேன், முறிக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, உன் அறைக்கு வர முடியவில்லை.

அண்ணன்

மார்ச் 17

அண்ணனுக்கு,

சிட்டு வாயைத் திறந்துவிட்டான். புல்லியை மாற்றும்போது அவன் பக்கத்தில்தான் இருந்தானாம். வெளியே சொன்னால் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று உன் சிநேகிதன் மிரட்டியிருக்கிறான். கட்டுப் போட்ட கையோடு படுத்தபடியே விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னான். உன் சிநேகிதனைக் கல்லூரியை விட்டே நீக்கிவிட்டார்கள். விழுந்தவன் மேல் ஓங்கியதற்காக என்னையும் இந்தப் பருவம் தேர்வெழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. போலீஸ் புகார் அப்படியே இருக்கிறது.

மண்டபம் வேண்டாமென்று அம்மாவே சொல்லிவிட்டாள். முந்தாநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். என் செவிப்பறை கிழிந்திருப்பது தெரிந்ததிலிருந்து வலது பக்கமாகவே உட்கார்ந்து பேசுகிறாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவன் கை, அவன் அழுகை, உன் ரயில் எல்லாம் கேட்டுவிட்டு, "உன் காதைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?" என்றாள்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லம்மா," என்றேன்.

அவள் எழுந்துபோய் எனக்குச் சோறு போட்டாள். நீ பதில் எழுத வேண்டாம்.

தங்கை