மிச்சம் வைத்திருக்கும் குளிசைகள்

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.

அன்பு மகள் நிலாணிக்கு,

நீ கல்கரியில் சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் எங்கள் பொழுது போகிறது, கடவுள் அதை அப்படியே வைத்திருக்க வேண்டும். இங்கே அம்மா எழும்பி நடமாடுகிறார், சாப்பிடுகிறார், என்னை ஏசுகிறார், ஆகவே சுகம்தான். போனில் சொன்னால் நீ "ஓம் அப்பா, விளங்குது" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். போன கிழமை அம்மாவுக்குத் தலைச்சுற்று வந்து ஆஸ்பத்திரிக்குப் போனதாக மட்டும் உனக்குச் சொன்னோம். நடந்தது அது இல்லை பிள்ளை.

ஐஸில் வழுக்கி உடைந்த அம்மாவின் தோளுக்கு ஒப்பரேசன் செய்து வீட்டுக்கு விட்டபோது நோவுக்கு ஒரு குளிசை தந்தார்கள். ஒரே குளிசைக்குள் இரண்டு மருந்து, ஒன்று ஒக்சிகோடோன் என்கிற அபின் வகை, மற்றது நாங்கள் தலையிடிக்குப் போடுகிற அதே பனடோல் மருந்து. பார்மசியில் நின்ற பிள்ளை அதைச் சொல்லி, அபின் கூடி மூச்சு அடங்கினால் மீட்க மூக்குக்குள் அடிக்கிற ஸ்பிரே ஒன்றையும் சும்மா தந்தார். "உது போதைக்காரருக்கெல்லோ, எங்களுக்கு ஏன்?" என்று கேட்டேன். "உந்தக் குளிசை இருக்கிற எந்த வீட்டிலையும் இது இருக்கவேணும் அங்கிள்" என்றார். வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கி வந்தேன்.

அம்மாவுக்கு நோ தாங்கவில்லை. அடுத்த குளிசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் சொல்ல, பனடோல்தானே, அது என்ன செய்யப்போகிறது என்று இடையிடையே அதையும் போட்டிருக்கிறார், எனக்குத் தெரியாது. நித்திரை இல்லை என்று புலம்பியதைக் கேட்டு, இரண்டு கதவு தள்ளி இருக்கிற ஜெசிகா தன்னுடைய நித்திரைக் குளிசையில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார், நல்ல மனசோடுதான். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அம்மா அதையும் நோக் குளிசையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். குறட்டை கேட்டது, ஒருமாதிரிக் கண்ணயர்ந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு பார்த்தால் அது குறட்டை மாதிரி இல்லை, தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல விட்டு விட்டு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், உதடு நீலம். கூப்பிட்டேன், தோளைத் தவிர்த்துப் பிடித்து உலுக்கினேன், கண் திறக்கவில்லை. 911க்கு அடித்தேன். என்ன மருந்து எடுத்தவர் என்று அந்தப் பெண் கேட்டார், சொன்னேன், ஸ்பிரே இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவை நிலத்தில் கிடத்தி, தலையைப் பின்னால் சரித்து, மூக்குக்குள் வைத்து அமத்தச் சொன்னார். உறையைப் பல்லால் கிழித்தேன். அடித்த பிறகு காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. திடீரென்று அம்மா மூச்சை நீளமாக இழுத்தார், கண்ணைத் திறந்து "ஐயோ என்ரை தோள்!" என்று அலறினார். அந்த ஸ்பிரே நோவைக் குறைக்கிற வேலையையும் நிறுத்திவிடுமாம். அவர் அலற அலற நான் அழுதுகொண்டே சிரித்தேன். "எனக்கு உயிர் போகுது, நீங்கள் பல்லைக் காட்டுறியள்" என்று ஏசினார்.

ஸ்பிரேயின் பலன் முடிந்த பிறகும் குளிசை உடம்பில் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துப் பார்த்தார்கள். பனடோல் கூடினதால் ஈரலையும் சோதித்தார்கள், நல்ல காலம், பழுதில்லை. வீட்டுக்கு வந்த அம்மா பயத்தில் ஒரு மருந்தும் தொடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்ததில் கை இறுகிப்போனது. நோவைச் சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, ஆனால் சொன்ன அளவு, சொன்ன இடைவெளி, பனடோல் கலந்த தடிமன், சளி மருந்துகூட மேலதிகமாக வேண்டாம், நித்திரைக் குளிசையும் மதுவும் கிட்டவே வரக்கூடாது என்று டொக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னார். இப்போது பூட்டி வைத்து நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை பிள்ளை. அவர் கண்ணை மூடினால் ரீவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு முன்னால் போய் இருக்கிறேன். வெளியே லிஃப்ட் சத்தம் கேட்டாலும் திடுக்கிடுகிறேன். கடைக்குப் போனால் பாதி வழியில் திரும்பி வருகிறேன். ஜெசிகா வந்து அழுதுவிட்டுப் போனார், அவரிடம் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்க அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். தன் கதையை ஏன் எழுதுகிறீர்கள் என்று சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். "அவளின்ரை குளிசையைப் பற்றி எழுதினியளோ?" என்று கேட்டார். ஞானப்பல் பிடுங்கியபோது உனக்கும் இதே மாதிரிக் குளிசை தந்தவையாம், மிச்சம் கைப்பைக்குள் கிடக்கிறதாம், தலையிடி கடுமையானால் ஒன்று போட்டுக்கொண்டு வேலைக்குக் கார் ஓடுகிறாயாம். எனக்கு அப்போதுதான் தெரியும். பிறகு அம்மா சொன்னார், "எனக்கு மூக்கிலை அடிக்க நீங்கள் நிண்டியள். அவள் அங்கை தனிய இருக்கிறாள்."

மகள், மிச்சத்தை ஒருவருக்கும் கொடுக்காதே, குப்பையிலும் போடாதே, பார்மசியில் திருப்பிக் கொடு. தலையிடிக்கு டொக்டரைப் பார். நாளைக்கு என்று தள்ளாதே. கொடுத்துவிட்டு வாசலில் நின்றே போன் எடு, என்னிடம் இல்லை, அம்மாவிடம் சொல். நீ நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருக்க எங்கள் இருவரின் ஆசியும் என்றும் உன்னோடு.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அப்பா
சச்சிதானந்தன்