கைதட்டல் வாங்கிய அழுகை

அன்புள்ள அப்பா,

நம் ஊர் விகனுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். முதல்முறையாக லண்டன் ஸ்டூடியோவுக்கு வந்த உங்களுக்கு ஒரு வாய் தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

சுரங்கத் தொழிலாளியின் மகளாக நடித்த நான், தாயின் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுததற்கு எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடி, "நல்லாத்தான் அழுவுற கண்ணு. உங்கம்மாவ அடக்கம் பண்ணுன அன்னிக்கும் வந்து அழுதிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

பிறகு இயக்குநர், "இன்னொரு தடவ எடுத்துடலாம்மா" என்றார். கண்ணீர் வற்றிப்போயிருந்தது. நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டேன். உடனே வந்துவிட்டது.

அந்த அழுகையைத்தான் படத்தில் வைக்கப்போகிறார்களாம். நம் ஊருக்குப் படம் வந்தால் போகாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்