கிற்றாருக்குப் பூட்டிய இரண்டாவது பிக்கப்

தோஹா
12.03.1983

அன்பு முனவ்வறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். மகளின் இருமலும் உம்மாவின் முழங்கால் வலியும் இப்போது எப்படி?

வாத்தியக் கடையில் நடந்ததை எழுதுகிறேன், சிரிக்காதே. ஹோட்டலில் வாசிக்கும் கோவாக்காரர் ஒருவர் வயிறு புடைத்த பெரிய கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓசை காதைக் கீறுகிறது, இதமாக்கித் தா என்றார். அதற்குக் கம்பிகளின் கீழிருந்து ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்ற வேண்டும். அது தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்க நீ சுற்றும் நூல் தார் போலத்தான். நூலுக்குப் பதில் மயிரிழைச் செப்புக்கம்பி. நெசவுக்காரப் புத்தி, நிறையச் சுற்றியதுதான் நல்லதென்று ஆகக் கொழுத்ததைப் பூட்டினேன். தலையணைக்குள் முகம் புதைத்துக் கதைப்பதுபோல் முனகியது. திரும்பப் பழைய பெட்டி தூக்கும் வேலைக்கே போகிறாயா என்று முதலாளி முறைத்தார்.

அப்போதுதான் உன் ஏச்சு நினைவுக்கு வந்தது: "இப்பிடி வயிறு முட்டச் சுத்தினா தறியில நாடா ஓடுமா?" அளவாகச் சுற்றிய ஒன்றைத் தேடிப் பூட்டினேன். கோவாக்காரர் கண்ணை மூடி வாசித்தார். வெகுநேரம் திறக்கவே இல்லை. நாளை முதல் திருத்தும் மேசை எனக்குத்தான்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் முத்தலிபிடம் கொஞ்சம் மாசிக் கருவாடும் உன் குரல் பதிந்த ஒரு கசற்றும் கொடுத்துவிடு. போன கசற்றில் ஓதப் பள்ளியில் பாடம் ஒப்புவிப்பதுபோல் கதைத்திருந்தாய். தபாலுக்குப் போகிறவர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். இம்முறை என்னை நன்றாக ஏசிக் கதை.

உன் பளீல்