ஒற்றைக் காது மூட்டை

மேஸ்திரி, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருப்பது இடது கை ஒன்று. அதுவும் அறுபத்தாறு வயதில்தான் அ, ஆ போடப் பழகியது. தாள் நழுவி ஓடுகிறது. அதனால் நீங்கள் செய்து கொடுத்த பனைமட்டைக் கவ்வியை அட்டையோடு சேர்த்துத் தாளின் தலையில் மாட்டியிருக்கிறேன். கோணிச்சாக்கு வாசனை வருகிறது. உங்கள் குரலும் வருகிறது.

தண்ணீர் இறைக்கும் இன்ஜின் பெல்ட்டில் வலது கை போன பிறகு, உப்பளத்தில் எனக்கு வேலையே இல்லை என்றார்கள். இரண்டாயிரத்து நாலு கோடையில் கெஞ்சிக் கேட்டு மூட்டை தைக்க உட்கார்ந்தேன். "சனிக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்றார் சூப்பர்வைசர். சாக்கின் இரண்டு மூலையையும் குவித்துக் காது மாதிரி கட்ட வேண்டும். அதைப் பிடித்துத்தான் உங்கள் ஆட்கள் லாரியில் ஏற்றுவார்கள். எனக்கு ஒரு காதுதான் வந்தது. மற்ற மூலையைச் சும்மா மடித்துத் தைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூட்டை நழுவி விழுந்து உடைந்தது. கொட்டிய உப்பின் நடுவில் நின்று கத்தினீர்கள்: "யோவ், எவன்யா ஒத்தக் காது மூட்ட தச்சவன்?"

எழுந்து நின்றேன்.

"பாவம்னு வச்சது தப்பாப் போச்சு. நாளையிலேர்ந்து வேணாம்" என்றார் சூப்பர்வைசர்.

நீங்கள் என் கையைப் பார்க்கவில்லை. சாக்கின் வாயைத்தான் பார்த்தீர்கள். "பாவம்லாம் எதுக்கு சார்? எங்களுக்குக் காது ரெண்டும் வேணும். கை ஒண்ணா ரெண்டான்னு எங்களுக்கின்னா?"

சாப்பாட்டு நேரத்தில் பனைமட்டையைப் பாதிவரை பிளந்து, அடியில் கயிறு சுற்றிக் கொண்டுவந்தீர்கள். அதை முழங்காலில் இடுக்கிக்கொண்டு மூலையைச் செருகினால் விடாமல் கவ்வியது. சாயங்காலம் என் மூட்டையை இரண்டு காதையும் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, "தைய்யா, நிறுத்தாத" என்றீர்கள். நன்றி சொல்ல அன்று வாய் எழவில்லை. அப்புறம் தினமும் பார்த்தும் சொல்லவில்லை. போன மழையில் நீங்களே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

போன மாதம் பெருமுக்கல்லிலிருந்து போலியோ வந்த கால்களோடு ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். சூப்பர்வைசர் அவள் காலையே பார்த்தார். என் வாயில் உங்கள் பேச்சு வந்தது: "கால வுடுங்க சார். தச்ச மூட்டையில காது ரெண்டும் இருக்குதான்னு பாருங்க."

குந்தி உட்கார அவளால் முடியாது. உயரமாக ஒரு பலகை போட்டேன். நேற்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்: "இன்னா பெரியவரே, என் மூட்ட லாரி ஏறிடுச்சு, உங்களுது இன்னும் வாயப் பொளந்துனு நிக்குது?"

கவ்வியை இப்போது கழற்ற வேண்டும், மேஸ்திரி. ஆறு நாளும் அதற்குச் சாக்கு வேலை இருக்கிறது. அடுத்த ஞாயிறு மறுபடி தாளைப் பிடிக்கும்.