வெறுங்கால் ஆட்டம்

அனிஷா அப்பாவுக்கு,

மஸ்கட்டில் நான் சுகமே. உங்கள் முதுகுவலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் கொள்ளிடக் கரையில் அனிஷா பீச் வாலிபால் ஆடியதை வீடியோ காலில் காட்டினீர்களே, நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவள் கால் மடங்கி விழுந்ததும் ஸ்பீக்கரில் இருக்கிறேன் என்பதை மறந்து, "எந்திரி பாப்பா, பின்னாடி போ!" என்று கத்திவிட்டேன். நடுவர் வந்து, "வெளியிலேருந்து சொல்லிக்குடுக்கக் கூடாதுங்க, போனை அணைங்க சார்" என்றார். நீங்கள் அணைத்தபோது அவள் மணலிலேயே கிடந்தாள்.

அந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு இரண்டே பேராம், மாற்று ஆளும் கிடையாதாம். பிறகுதான் தெரிந்துகொண்டேன். விழுந்தால் அவளேதான் எழ வேண்டும்.

நான் அனுப்பிய ஷூவை உங்கள் தங்கை மகளுக்குக் கொடுத்துவிடுங்கள். வெறுங்காலில் ஆடுவார்கள் என்று யாராவது சொன்னீர்களா? மணல் கொதிக்கும், ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். தொப்பியை மறக்காதீர்கள். கணுக்கால் வீக்கம் வற்றியதா? போட்டோ எடுத்து அனுப்புங்கள். நர்ஸ் என்று பேர், ஊரார் காலுக்கெல்லாம் இங்கே கட்டுப் போடுகிறேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கும் வீடியோவில் கூப்பிடுங்கள். மைக்கை அணைத்தே வைக்கிறேன். அவள் விழுந்தால் மட்டும் போனைத் திருப்பிவிடாதீர்கள்.

லிசி