பரீட்சையன்று பிள்ளையை அனுப்பச் சொன்ன டீச்சருக்கு

டீச்சர்,

இன்றைக்குக் காலையில் கடையில் புது வத்தல் மிளகாய் மூட்டைகளை அவிழ்த்தோம். நெடி கிளம்பி வாசல் வரைக்கும் போனது. அங்கே நின்று விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தும்மத் தொடங்கினாள். உங்களைப் போலவே, ஒன்றல்ல, அடுக்கடுக்காக, மூச்சு விட இடமில்லாமல். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இந்தா, டீச்சர் வந்தாச்சு" என்று எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த லீலா சேச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முறத்தைத் தன் பக்கம் இழுத்து, கொஞ்ச நேரம் என் பங்கையும் சேர்த்துக் கிள்ளினாள்.

ஜூனில் மழை தொடங்கிய சமயத்தில் நீங்கள் போனீர்கள். பள்ளிக்கூடத்து வாட்ஸப்பில் உங்கள் படம் வந்தது, சுற்றிலும் பூப்போட்டு. கீழே எழுதியிருந்தது மலையாளம். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். என் மகள் கனிதான் தட்டுத்தடுமாறி வாசித்தாள். பாதியில் நிறுத்தி, போனை என் மடியில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். மீதியை நான் படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஸ்ரீவராகத்தில் உங்கள் தெரு வரைக்கும் வந்தேன் டீச்சர். குடையைப் பிடித்துக்கொண்டு முனையிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் யாரென்று கேட்பார்கள். சாலை பஜார்க் கடையில் மிளகாய் கிள்ளுகிறவள் என்று சொன்னால் ஏதோ சாமான் கொண்டுவந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு டீச்சர் என்று சொல்லலாம்தான். உங்களிடம் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர், எல்லாருடைய அம்மாவும் வந்தா நிற்கிறார்கள்? உங்களை ஏற்றிய வண்டி என்னைத் தாண்டித்தான் போனது. அன்றைக்குச் சொல்ல வாய் வராததை இப்போது எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து. தப்பு இருக்கும். சுழித்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நீங்கள் கடைக்கு வந்தபோது கனி தமிழ் டிவிஷனில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு மார்க்கு காட்டுவார்கள். நான் ஒரு தடவையும் வந்ததில்லை. வேலை நாளில் வைத்தால் எங்களைப் போன்றவர்கள் எப்படி வருவது? கனியின் அப்பாவுக்கு ஹோட்டலில் அடுப்படி வேலை, அந்த நேரத்தில் அவரும் நகர முடியாது. ஒரு நாள் சாயங்காலம் நீங்களே வந்து நின்றீர்கள். தும்மி முடித்து, கண்ணைத் துடைத்து, "கனியோட அம்மா யாரு?" என்று கேட்டீர்கள். நான் பயந்துபோனேன். டீச்சர் தேடி வருகிறார் என்றால் பிள்ளை எதையாவது உடைத்திருக்க வேண்டும், இல்லை யாரையாவது அடித்திருக்க வேண்டும்.

"ஒண்ணும் பண்ணலே. நன்னா இருக்கா. கணக்குப் போடறா. வாசிக்கத்தான் வரலே. எழுத்தெல்லாம் தெரியறது, சேர்த்துப் படின்னா முழிக்கறா" என்றீர்கள்.

"வீட்டுல தமிழு, வெளியில மலையாளம், எதுலதான் வாசிப்பா டீச்சர் அவ?"

"அதுவும் இருக்கு. அது மட்டும் இல்லே. பாக்கலாம், எனக்கும் முழுசா பிடிபடலே."

எனக்குப் பிடிபடவில்லை என்று ஒரு டீச்சர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். மல்லி மூட்டை மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டேன். உட்கார்ந்தீர்கள். கையிலிருந்த தாளைக் காட்டினீர்கள். பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டிருந்தது. கனிக்குச் சிவப்பு. எனக்கு அந்த நிறங்கள் புதிதில்லை. "இது அங்கன்வாடிக் கார்டுல்லா!" என்றேன். அங்கன்வாடியில் பிள்ளையை எடை போட்டு, புள்ளி வைத்து, பச்சையில் நிற்கிறதா சிவப்பில் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அதே மாதிரி.

அப்போதுதான் என் மாமியார் கதையைச் சொன்னேன். கனிக்கு இரண்டு வயது இருக்கும். ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். ஒவ்வொரு தடவையும் புள்ளி சிவப்பில்தான் விழும். அங்கன்வாடி டீச்சர் கூடுதலாகச் சத்துப்பொடியும் முட்டையும் கொடுத்துவிடுவார். ஊரிலிருந்து வந்த மாமியாருக்கு அது பெரிய மானக்கேடு. "நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடலன்னுல்லா எழுதி வைக்காளுவ!" அடுத்த தடவை எடை போடும் நாளன்று, எனக்குத் தெரியாமல் பிள்ளைக்கு வயிறு முட்டக் கஞ்சித்தண்ணி புகட்டி, வெள்ளி அரைஞாணும், தண்டையும், கைக்குக் காப்பும் மாட்டி, மேலே கம்பளிச் சட்டையும் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முள் ஏறிவிட்டது. பச்சை. அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த வாரத்திலிருந்து முட்டையும் இல்லை, பொடியும் இல்லை. பச்சைப் பிள்ளைக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. மிளகாய் நெடியும் சேர்ந்து கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. "தண்டையுமா போட்டா? தண்டையுமா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டீர்கள். கல்லாவில் இருந்த அண்ணாச்சி கூட எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பரீட்சை முடிந்தும் வருவீர்கள். மார்க்கு சொல்வீர்கள், காப்பிப்பொடி வாங்கிக்கொண்டு போவீர்கள். உங்களுக்கும் அலுப்பாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும். ஓணத்துக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, கடைசியில் ஒன்று, நடுவே மேலிருந்து வருவது வேறு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், நெட் நிற்காது. ஒரு தடவை, "கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன் கனியம்மா" என்று அந்த மூட்டை மேலேயே சாய்ந்தீர்கள். தூங்கிவிட்டீர்கள். நாங்கள் பேச்சை நிறுத்தி மெள்ள மெள்ளக் காம்பு கிள்ளினோம். உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கிறது, நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீச்சர்மாருக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கனி ஐந்தாவதில் இருந்தபோது நடந்ததுதான் என் மனதில் அப்படியே நிற்கிறது. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கேள்வித்தாள், மேலிருந்து வரும், வெளியாட்கள் வந்து நடத்துவார்கள் என்று சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் ஹெட்மாஸ்டர் எனக்குப் போன் செய்தார். தன்மையாகத்தான் பேசினார். "நாளைக்கு மோளைப் பரீட்சைக்கு விடணும்னு நிர்பந்தம் ஒண்ணும் இல்ல, கேட்டோ. வயித்து வேதனைன்னு ஒரு லீவு லெட்டர் போதும்" என்றார். சரி சார் என்றேன். மனதில் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பிள்ளைக்கும் சந்தோஷம்.

சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள், காப்பிப்பொடி வாங்க. போகிற போக்கில் சொன்னேன், நாளைக்குக் கனிக்கு லீவு என்று.

"யார் சொன்னா?"

"ஹெட்மாஸ்டர் சாருதான் சொன்னாவ."

பொட்டலத்தை வாங்கிக் காசைக் கொடுத்தீர்கள். பிறகு, "அவர் கெட்டவர் இல்லே. மார்க்கு விழுந்தா ஸ்கூலுக்குக் கெட்ட பேரு, ஆள் சேராது. ஆள் சேரலேன்னா தமிழ் டிவிஷனை எடுத்துடுவாளோன்னு அவருக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு" என்றீர்கள்.

"அப்ப வராம இருக்கதுதான நல்லது? அவளுக்கும் கஷ்டமில்ல, உங்களுக்கும் கஷ்டமில்ல."

நீங்கள் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டீர்கள், "உங்க மாமியார் ஊர்ல இருக்காளா?"

"இருக்காவ. எதுக்கு டீச்சர்?"

"அந்த அரைஞாணையும் தண்டையையும் எடுத்துண்டு வரச் சொல்லுங்கோ. நாளைக்குக் கட்டி அனுப்பலாம்."

லீலா சேச்சிதான் முதலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டை நின்றுபோன பிறகு அந்தப் பிள்ளை பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். போகும்போது திரும்பி நின்று ஒன்று சொன்னீர்கள். "சிவப்பு விழட்டும். நான் பாத்துக்கறேன். விழலேன்னா நான் யாரைன்னு பாப்பேன்?"

மறுநாள் கனி போனாள். எழுதினாள். சிவப்பு விழுந்தது. அதற்காக ஹெட்மாஸ்டர் உங்களைக் கடிந்துகொண்டதைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வாசிப்புக்கென்று தனியாக ஒரு ஆள் வந்தது. வாரத்தில் சில நாள் படம் போட்ட அட்டைகளோடு ஒரு பெண் வந்து கனியையும் இன்னும் சில பிள்ளைகளையும் உட்கார்த்தி வைத்தாள். மற்ற நாட்களில் நீங்களே வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். மெதுவாகத்தான் நடந்தது. பஸ் போர்டு வாசித்தாள். கடைப் பலகை வாசித்தாள். அடுத்த வருஷம் மஞ்சள் வந்தது. பச்சை இன்றுவரைக்கும் வரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இப்போது ஏழாவது. நீங்கள் இல்லாத முதல் வருஷம். போன வாரம் மறுபடியும் அந்தப் பரீட்சை வந்தது. மறுபடியும் போன். அதே தன்மையான குரல், அதே வயித்து வேதனை லெட்டர். இந்தத் தடவை கனியே முந்திக்கொண்டாள். "நான் போகல அம்மே. எல்லாரும் பறையுது, என்னாலதான் நம்ம கிளாஸுக்கு மார்க்கு குறையுதுன்னு."

எனக்கு அலுத்துவிட்டது டீச்சர். நாள் முழுக்க மிளகாய் கிள்ளி விரலெல்லாம் எரிகிறது. வீட்டுக்கு வந்தால் அவர் அடுப்பில் வெந்து வந்து கிடக்கிறார். "ஒரு நாள்தான? விட்டுருட்டி. பிள்ள அழுதுல்லா" என்றார். விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைக்கு வந்து என்னைக் கேட்க ஆளும் இல்லை.

காலையில் அவளுக்குத் தலை பின்னும்போது நினைத்தேன். இவளை இன்றைக்கு வீட்டில் வைத்தால் அந்தத் தாளில் இவள் பெயருக்கு நேரே ஒரு நிறமும் இருக்காது. இல்லாத பிள்ளையை யார் தேடுவார்கள்? தேடுகிற ஒரு ஆள் இருந்தார், அவரும் போய்விட்டார். ரிப்பனைக் கட்டி முடித்து, "கிளம்பு" என்றேன். "அம்மே" என்றாள். "நானும் வாரேன்" என்றேன். கடைக்குச் சொல்லவும் இல்லை.

ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "கனியோட அம்மே, போன்ல பறஞ்சேனே?"

"சொன்னீங்க சார். அவ எழுதுவா."

"மார்க்கு குறையுமே. பின்னே குட்டிக்கும் சங்கடம் ஆகும்."

"குறையட்டும் சார். குறைஞ்சதுன்னே எழுதுங்க. பொறவு அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. அஞ்சாப்புல செஞ்சீங்கள்லா?"

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. கையை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "இதெல்லாம் யார் படிப்பிச்சு விட்டது?" என்றார்.

"உங்களுக்கே தெரியும் சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஐப்பசித் துலா மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பிறகு, "உள்ளே போ மோளே" என்றார், கனியிடம். அவரும் உங்களோடு அத்தனை வருஷம் வேலை பார்த்தவர்தானே.

நான் கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். மணி அடித்து வெளியே வந்தாள். எப்படி எழுதினே என்றேன். "சிலதொக்க அறிஞ்சூடா. தெரியாதத விட்டுட்டேன்" என்றாள். தெரியாததற்கும் ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வரச் சொல்லி அங்கே எல்லாரும் சொல்லியிருந்தார்களாம். அடித்தால் அடிக்கிறது என்று.

"நீயும் ஆக்கிட்டு வரவேண்டியதுதான?"

"ம்ஹும். தெரியாதத கறுப்பாக்காம வெறுதே விடு, அப்பதான் உனக்கு எது வரலன்னு எனக்குத் தெரியும்னு டீச்சர் சொல்லிருக்கு."

நீங்கள் அவளிடமும் அதைச் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியாது டீச்சர். நான் மட்டும்தான் உங்கள் சொல்லைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு பழவங்காடி வழியாக நடந்து வந்தேன். எங்கள் ஊர்க்கார அண்ணன் ஒருவர், வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், "என்னம்மா, பிள்ள நல்லா படிக்காளா?" என்று கேட்டார். யார் கேட்டாலும் நல்லா படிக்கா என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பதுதான் வழக்கம். அன்றைக்கு நின்றேன்.

"வாசிக்கக் கொஞ்சம் கஷ்டம்ணே. கணக்கு பரவால்ல. இப்பந்தான் பரீட்சை எழுதிட்டு வாரா."

"அப்படியா, சரி சரி" என்று அவர் மூட்டைக்குத் திரும்பினார். கனி என் கையை விடவில்லை. இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டினோம்.

மார்க்கு இன்னும் வரவில்லை. வந்தால் நானே பள்ளிக்கூடத்துக்குப் போய் வாங்கிக்கொள்வேன்.

உங்கள் பிள்ளையின் அம்மா